"திறக்கவில்லை சார்": தமிழ்ப் பாடக்குறிப்புகள் கணினிக்குள் வந்த கதை

திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் வாத்தியாராக இருந்தவர்களுக்கு ஸ்டென்சில் தாள் மறந்திருக்காது. மெழுகு பூசிய தாளில் இரும்புமுனைப் பேனாவால் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றினால் நூறு பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயார். கையெல்லாம் மை. ஆனால் வாங்கிய பிள்ளை எல்லாம் படித்துவிடும். "திறக்கவில்லை சார்" என்ற பேச்சு கணினி வந்த பிறகு வந்ததுதான்.

தொண்ணூறுகளில் ராயபுரம், தண்டையார்பேட்டை டி.டி.பி. கடைகளில் கடைக்கு ஓர் எழுத்துரு இருந்தது. பாமினி போன்ற அன்றைய எழுத்துருக்கள் செய்த வேலை ஒரு வேஷம்தான். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைப்பார்கள். நாம் பாமினியில் "அம்மா" என்று அடித்தால், கணினி தன் நினைவில் வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் கோப்பைத் திறந்தால் அம்மா காணாமல் போய், அந்த ஐந்து குறிகள் மட்டும் நிற்கும்.

இந்தத் தொல்லையை வெளிநாட்டுத் தமிழர்கள் முதலிலேயே உணர்ந்தார்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்நின்று, பல நாட்டுத் தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். மயிலை எழுத்துருவில் ஆரம்பித்து, திஸ்கி என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்து, பிறகு யூனிகோடுக்கு மாறினார்கள். நூல்களை இணையப் பக்கமாகவும் பி.டி.எஃப். ஆகவும், இரண்டு விதமாகவும் வைத்தார்கள். அந்த இரண்டு விதத்தின் அருமை நமக்குப் பிறகுதான் புரிந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளும் அங்கே வந்தவைதான். ஆகப் பொதுக் குறியீடு என்று சொல்லிக்கொண்டே திஸ்கி, டாம், டாப் என மூன்றாகிவிட்டது. இத்தனைக்கும் 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதைக் காட்டும் கணினிதான் நம்மிடம் இல்லை. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் சாதாரணக் கணினியில் தெரிந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

இடைப்பட்ட காலத்தில் ஆசிரியர்களைக் காப்பாற்றியது பி.டி.எஃப். அடோபி நிறுவனம் 1993-இல் கொண்டுவந்தது. 2008-இல் உலகத் தர நிர்ணயம் பெற்றது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே கட்டி அனுப்பலாம் என்பதால் எங்கே திறந்தாலும் பக்கம் கலையாது. ஆனால் அது காப்பாற்றுவது பக்கத்தின் தோற்றத்தை. உள்ளே இருப்பது பாமினி என்றால், வெளியே எடுத்து ஒட்டும்போது பழைய ஐந்து குறிகள்தான் வரும். தேடினால் சொல் அகப்படாது. பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை ஆங்கில எழுத்துகளாக உளறும். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் வெறும் படம். வாசிக்க அதில் எழுத்தே இல்லை.

இதன் விலை என்ன என்பதை 2020-இல் பார்த்தோம். பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் வீட்டுப்பாடக் குறிப்பு வந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வீட்டுக்கு ஒரே போன். அதுவும் அப்பா துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வந்த பிறகுதான் கைக்கு வரும். குறிப்பு ஒரு நாள் பழைய எழுத்துருவில் வேர்டு கோப்பாக வரும். இன்னொரு நாள் ஸ்கேன் செய்த கனமான பி.டி.எஃப். இறங்குவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். இறங்கினாலும் ஏ4 பக்கத்தை உள்ளங்கை அகலத் திரையில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அதே பாடத்தை யூனிகோடில் அடித்து, வெறும் செய்தியாக அனுப்பினேன். நொடியில் வந்தது, எழுத்தைப் பெரிதாக்கவும் முடிந்தது. படம் வேண்டிய இடத்துக்குச் சின்னதாக ஒரு படம், அவ்வளவுதான். தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சமானது சின்ன விஷயமா?

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. அச்சிட்டுக் கொடுக்கவும், கணக்கும் வரைபடமும் கலையாமல் இருக்கவும் பி.டி.எஃப். போனில் படிக்க யூனிகோடு எழுத்து அல்லது இணையப் பக்கம். எது அனுப்பினாலும், திருத்தக்கூடிய மூலக்கோப்பு நம்மிடம் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணில் பழைய சி.டி. இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாமினியோ டாமோ, எதுவானாலும் யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. முப்பது வருடம் பிள்ளைகளுக்காக எழுதிய குறிப்பு அது. சி.டி. கெட்டுப்போவதற்குள் மாற்றி வைத்துவிடுங்கள்.