அமெரிக்காவில் படித்த ஆஸ்டியோபதி மருத்துவர்களைக் கனடா ஏற்பது எப்படி?

அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் 2020-ல் கரோனா தொற்றால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டபோது, அவருக்குச் சிகிச்சை அளித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் வெள்ளை மாளிகை மருத்துவர் ஷான் கான்லி. அடுத்து அதிபரான ஜோ பைடனின் மருத்துவர் கெவின் ஓ'கானர். இவர்கள் இருவரும் எம்.டி. பட்டம் பெற்றவர்கள் அல்லர். டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். கான்லியின் பட்டம் செய்திகளில் அடிபட்டதும், அவர் முழுமையான மருத்துவர்தானா என்ற கேள்வி அமெரிக்காவிலேயே எழுந்தது. சட்டப்படி அக்கேள்விக்கு அங்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. வடக்கே எல்லையைக் கடந்து கனடாவுக்குள் நுழைந்தால், விடை அவ்வளவு சுருக்கமானதாக இல்லை.

கனடாவில் குடும்ப மருத்துவர் இல்லாமல் இருக்கும் வயது வந்தோரின் எண்ணிக்கை சுமார் 65 லட்சம் என்று அண்மை ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. உள்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காத கனடிய மாணவர்கள் பலர், பெரும் கடன் பெற்று அமெரிக்காவின் டி.ஓ. கல்லூரிகளில் சேர்கின்றனர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி கனடிய மாணவர்களைச் சேர்ப்பதற்கென்றே தனி ஏற்பாடு செய்திருந்தது. இந்திய, இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் டொரண்டோ பகுதியிலும் இந்தத் தெரிவைப் பற்றிய பேச்சு புதிதல்ல. படித்து முடித்த பின் சொந்த ஊருக்குத் திரும்பி மருத்துவம் பார்க்க முடியுமா என்பதே இவர்களின் கேள்வி.

டி.ஓ. என்பவர் யார்?

இந்திய வாசகர்களுக்கு முதலில் ஒரு விளக்கம் தேவை. நம் நாட்டில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். முடித்த பின் பெறும் முதுநிலைப் பட்டம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதுவே அடிப்படை மருத்துவப் பட்டம். அமெரிக்காவில் அதற்கு இணையான மற்றொரு அடிப்படைப் பட்டம் டி.ஓ. இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு நான்கு ஆண்டுப் படிப்பு, அதன்பின் மருத்துவமனையில் உறைவிட மருத்துவர் பயிற்சி, உரிமத் தேர்வு என இரு பட்டங்களின் பாதையும் ஏறக்குறைய ஒன்றே. டி.ஓ. மாணவர்கள் இவற்றுடன் தசை, மூட்டு, எலும்பு ஆகியவற்றைக் கைகளால் நெறிப்படுத்தும் சிகிச்சை முறையைச் சுமார் 200 மணி நேரம் கூடுதலாகக் கற்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடப் பணியில் அதை அரிதாகவே பயன்படுத்துகின்றனர் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. பெயரைக் கேட்டதும் நம்மவர்க்குப் புத்தூர்க் கட்டு நினைவுக்கு வரலாம். இது எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியம் அன்று. இதயநோய் நிபுணர், மனநல மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர் எனப் பல துறைகளிலும் டி.ஓ.க்கள் பணியாற்றுகின்றனர். இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் பயில்கிறார்.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1864-ல் தம் பிள்ளைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பலிகொடுத்தார். பாதரசக் கலவை போன்ற அக்கால மருந்துகள் மீது நம்பிக்கை இழந்த அவர், 1874-ல் தமது புதிய முறையை அறிவித்தார். 1892-ல் மிசோரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். எம்.டி. பட்டமே வழங்கச் சட்டம் இடமளித்தும், தம் மாணவர்களுக்கு வேறு பட்டம் வேண்டும் என்று அவர் டி.ஓ.வைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வின் விளைவை அவருடைய வழிவந்தவர்கள் இன்றளவும் சுமக்கின்றனர்.

மருந்து வேண்டாம் என்ற நிலைப்பாடு நீண்டகாலம் நீடிக்கவில்லை. 1920-களின் இறுதியில் மருந்தியலும் அக்கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. ஆயினும் எம்.டி. உலகம் அவர்களை எளிதில் ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவில் 1962-ல் நிகழ்ந்தது விந்தையானது. 65 டாலர் கட்டணம் செலுத்தி, ஒரு குறுகிய வகுப்பில் கலந்துகொண்ட சுமார் 2,000 டி.ஓ.க்கள் எம்.டி. ஆனார்கள். அத்துடன் அம்மாநிலத்தில் புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் வழங்குவது நிறுத்தப்பட்டது. ஒரு சிறு தொகையும் சில மணி நேர வகுப்பும் போதுமென்றால், இரு பட்டங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடுதான் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. 1974-ல் மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் கலிஃபோர்னியாவின் கதவு மீண்டும் திறந்தது. அதற்கு முன்பே, 1966-ல் பாதுகாப்புத் துறைச் செயலர் ராபர்ட் மெக்நமாரா ராணுவ மருத்துவப் பிரிவில் டி.ஓ.க்களைச் சேர்க்க உத்தரவிட்டிருந்தார். 1973-ல் மிசிசிப்பி மாநிலமும் அவர்களுக்கு முழு மருத்துவ உரிமை வழங்கியது. அவ்வாறு வழங்கிய கடைசி மாநிலம் அதுவே.

கனடாவில் உறைந்துபோன சொல்

கனடாவில் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. எனவே அமெரிக்காவில் அத்துறை அடைந்த மாற்றத்தைக் கனடியச் சட்டங்கள் நேரில் காணும் வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. ஒன்டாரியோ மாகாணம் 1925-ல் மருந்தில்லா சிகிச்சையாளர்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. முதுகெலும்பை நெறிப்படுத்தும் கைரோபிராக்டர்கள், மசாஜ் சிகிச்சையாளர்கள் ஆகியோருடன் ஆஸ்டியோபதியரும் அதில் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டனர். மருந்து எழுதவோ அறுவை சிகிச்சை செய்யவோ அவர்களுக்கு அதில் இடமில்லை. சில ஆண்டுகளிலேயே அமெரிக்கக் கல்லூரிகள் மருந்தியலைக் கற்பிக்கத் தொடங்கிவிட்டன. சட்டத்தில் இருந்த சொல் மட்டும் 1925-லேயே நின்றுவிட்டது.

1991-ல் இயற்றப்பட்ட ஒன்டாரியோவின் மருத்துவச் சட்டம் இதற்கு நேர் எதிரான திசையில் சென்றது. மாகாண மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பில் உறுப்பினராக உள்ள மருத்துவர்களைத் தவிர வேறு எவரும் 'ஆஸ்டியோபத்' என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று அது தடை விதித்தது. மருத்துவர் அல்லாதவர் பட்டியலில் இருந்த பெயர் மருத்துவர்க்கு மட்டுமே உரிய பெயராயிற்று.

குழப்பத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஸ்டிலின் மாணவரான ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-ல் லண்டனில் தனியே ஒரு பள்ளியை நிறுவினார். அந்த மரபு மருந்தையும் அறுவை சிகிச்சையையும் சேர்த்துக்கொள்ளாமல், கைச் சிகிச்சையாகவே வளர்ந்தது. பிரிட்டனில் 1993-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்படும் ஆஸ்டியோபதியர் தனித் தொழில் பிரிவினர். அப்பயிற்சியால் மட்டும் அவர்கள் மருத்துவர் ஆவதில்லை. ஐரோப்பாவிலும் கியூபெக் மாகாணத்திலும் பரவியிருப்பது இந்த மரபே. ஆகவே ஒரு கனடியர் ஆஸ்டியோபதி என்ற சொல்லைக் கேட்கும்போது, முதுகுவலிக்குக் கைச் சிகிச்சை அளிப்பவரையே பெரும்பாலும் எண்ணுகிறார். இதனால்தான் அமெரிக்க டி.ஓ.க்கள் தங்களை ஆஸ்டியோபத் என்று அழைத்துக்கொள்வதைத் தவிர்த்து, ஆஸ்டியோபதி மருத்துவர் என்றே குறிப்பிடுகின்றனர். ஒன்டாரியோவில் மருத்துவர் அல்லாத கைச் சிகிச்சையாளர்களோ, மேற்கண்ட தடையின் காரணமாக வேறு பெயர்களைச் சூட்டிக்கொள்கின்றனர்.

யார் கையில் அதிகாரம்?

கனடாவில் மருத்துவர்களுக்கு உரிமம் வழங்குவது மத்திய அரசு அன்று. ஒவ்வொரு மாகாணத்திலும் அதற்கெனத் தனி அமைப்பு உள்ளது. அவற்றில் பல 'கல்லூரி' என்றே பெயர் தாங்கியிருந்தாலும் அங்கே வகுப்பு எதுவும் நடப்பதில்லை. நம் மாநில மருத்துவக் கவுன்சில்களைப் போன்றவை அவை. எனவே டி.ஓ. பட்டத்துக்கான ஏற்பும் நாடு முழுவதற்கும் ஒரே நாளில் கிடைக்கவில்லை. மாகாணம் மாகாணமாக, வெவ்வேறு காலங்களில் கிடைத்தது.

இந்த ஏற்பு எதைப் பொறுத்தது என்பதே இதில் கூர்ந்து நோக்க வேண்டியது. அமெரிக்க எம்.டி. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் குழுவே பல பத்தாண்டுகள் கனடிய மருத்துவக் கல்லூரிகளையும் கனடியக் குழுவுடன் சேர்ந்து மதிப்பிட்டு வந்தது. ஆகவே அமெரிக்க எம்.டி. பட்டதாரியைக் கனடா ஏறத்தாழத் தன் சொந்தப் பட்டதாரியாகவே கருதியது. டி.ஓ. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தருவது அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கத்தின்கீழ் இயங்கும் வேறொரு ஆணையம். அதனுடன் கனடாவுக்கு அத்தகைய கூட்டு ஏற்பாடு இருந்ததில்லை. பாடத்தில் இருந்த வேறுபாட்டைவிட, அந்தப் பாடத்துக்கு உத்தரவாதம் அளித்தவர் யார் என்பதே பெரிய தடையாக நின்றது. இப்போது ஒன்டாரியோ உள்ளிட்ட மாகாணங்கள், அந்த ஆணையத்தின் தரச்சான்று பெற்ற அமெரிக்கக் கல்லூரியின் டி.ஓ. பட்டத்தை மருத்துவப் பட்டமாக ஏற்கின்றன. பிற நாடுகளில் பெற்ற ஆஸ்டியோபதி பட்டங்களுக்கு இது பொருந்தாது.

மாகாணங்களுக்கிடையிலான உள்நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் 2009-ல் செய்யப்பட்ட திருத்தமும் இதில் உதவியது. ஒரு மாகாணத்தில் முழு உரிமம் பெற்ற தொழில்வல்லுநரைப் பிற மாகாணங்கள் பொதுவாக மறுபயிற்சி கேட்காமல் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். கியூபெக்கில் மட்டும் பிரெஞ்சு மொழித் தகுதி என்ற நிபந்தனை எவருக்கும் தனியாக உண்டு.

பட்டத்துக்குப் பின் வரும் தடைகள்

பட்டம் ஏற்கப்படுவது முதல் படி மட்டுமே. அடுத்தது உறைவிட மருத்துவர் பயிற்சி. முன்பு டி.ஓ.க்களுக்கென ஆஸ்டியோபதி சங்கமே தனிப் பயிற்சி இடங்களை நடத்தி வந்தது. கனடாவில் சிறப்பு மருத்துவர்களுக்குச் சான்றளிக்கும் ராயல் கல்லூரி, அமெரிக்காவின் பொதுவான முதுநிலை மருத்துவக் கல்வித் தரச்சான்றுக் குழுவின்கீழ் நடந்த பயிற்சியையே கணக்கில் கொண்டது. 2015 முதல் 2020 வரை அமெரிக்கா இவ்விரு பயிற்சி முறைகளையும் ஒன்றாக இணைத்தது. அதன்பின் எம்.டி.யும் டி.ஓ.வும் ஒரே தரச்சான்றின்கீழ் பயிற்சி பெறுகின்றனர். அமெரிக்கா தன் தேவைக்காகச் செய்த இந்தச் சீர்திருத்தமே, கனடாவில் எந்தச் சட்டமும் மாறாமல், டி.ஓ.க்களின் தடைகளில் ஒன்றை அகற்றியது. இந்த வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் இதுவென்றே சொல்லலாம்.

பயிற்சிக் காலத்தில் உள்ள வேறுபாடு இரு பட்டதாரிகளையும் சமமாகவே பாதிக்கிறது. குழந்தைகள் நலப் பயிற்சி அமெரிக்காவில் 3 ஆண்டுகள், கனடாவில் 4. மனநல மருத்துவம் அங்கே 4, இங்கே 5. குடும்ப மருத்துவத்தில் நிலைமை தலைகீழ்: அமெரிக்காவில் 3 ஆண்டுகள், கனடாவில் 2. ஆகவே அமெரிக்காவில் பயின்ற குடும்ப மருத்துவர் கனடாவில் தேவைப்படுவதைவிட அதிகப் பயிற்சியுடனேயே வருகிறார். கனடாவில் பற்றாக்குறை கடுமையாக உள்ள துறையும் அதுவே.

மருத்துவர் பற்றாக்குறையால் மாகாணங்கள் அண்மைக் காலமாக விதிகளைத் தளர்த்தி வருகின்றன. நோவா ஸ்கோஷியா 2023-ல் இத்திசையில் நகர்ந்தது. 2025-ல் பிரிட்டிஷ் கொலம்பியா தன் விதிகளைத் திருத்தி, அமெரிக்கச் சிறப்பு மருத்துவ வாரியங்களின் சான்றிதழ் பெற்றவர்கள் கூடுதல் தேர்வோ மதிப்பீடோ இன்றி முழு உரிமம் பெற வழி செய்தது. அமெரிக்க அரசியல் சூழலால் வெளியேற எண்ணும் மருத்துவர்களை ஈர்க்கும் முயற்சியாகவும் இது பார்க்கப்பட்டது.

இங்கே டி.ஓ.க்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பயிற்சி முடிப்பவர் இரு வகை வாரியங்களில் ஒன்றிடம் சிறப்புத் துறைச் சான்றிதழ் பெறலாம். ஒன்று எம்.டி., டி.ஓ. இருவருக்கும் பொதுவானது, மற்றொன்று ஆஸ்டியோபதி சங்கத்தினுடையது. அமெரிக்க மருத்துவமனைகளில் இரண்டுக்கும் மதிப்புண்டு. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விரைவு வழி அறிவிப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடுவது முதல் வகையை. கனடியக் குடும்ப மருத்துவர்கள் கல்லூரியும் பொது வாரியமான அமெரிக்கக் குடும்ப மருத்துவ வாரியத்தின் சான்றிதழைத் தேர்வின்றி ஏற்கிறது. கனடாவுக்குத் திரும்ப எண்ணும் டி.ஓ. மாணவர், எந்த வாரியத் தேர்வை எழுதுவது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. பட்டத்தில் தொடங்கிய பெயர்ச் சிக்கல், பட்டம் ஏற்கப்பட்ட பின்னரும் சான்றிதழின் தலைப்பில் வந்து நிற்கிறது.

நோயாளிகளுக்கு இந்தச் சரிபார்ப்பு மிக எளிது. மாகாண ஒழுங்குமுறை அமைப்புகள் உரிமம் பெற்ற மருத்துவர்களின் பட்டியலை இணையத்தில் பொதுவில் வைத்துள்ளன. கதவில் ஆஸ்டியோபதி என்ற சொல் எழுதியிருப்பவர் மருந்து எழுதும் மருத்துவரா, கைச் சிகிச்சையாளரா என்பதை அதில் பெயரைத் தேடிச் சில நொடிகளில் அறிந்துகொள்ளலாம்.