செவிக்கு எட்டாத தமிழ்



பாசிர் கூடாங்கில் தமிழாசிரியராகப் பணியாற்றும் நான், சில மாதங்களுக்கு முன் போட்டி விளையாட்டு அறிவிப்பு ஒன்றை வண்ணப் படமாக வடித்து இணையப் பக்கத்தில் ஏற்றினேன். மறுநாள் பார்வையற்ற தந்தை ஒருவர் அழைத்தார். "சார், 'படம்'னு மட்டுந்தான் போன் சொல்லுது. உள்ள என்ன எழுதியிருக்கீங்க?" என்றார். அக்கேள்வி தமிழ்க் கணிமையின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறிமுறை இருந்தது. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்று திரையில் தெரியும். கணினிக்குள் இருப்பவையோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள். கண்ணுள்ளோர் அன்னையைக் கண்டனர். திரைவாசிப்பான் கொண்டு கேட்போர்க்கு எஞ்சியது பொருளற்ற ஒலி.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றது. ஒருங்குறியில் 'ம' எங்கும் 'ம'வே. ஆகவே கணினியால் அதனை ஒலிக்க இயலும். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர் உருவாக்கிய என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் இன்று தமிழையும் வாசிக்கிறது.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்ட அணுக்க வழிகாட்டியின் முதல் நெறியே, படத்துக்கு ஈடான எழுத்து விளக்கம் வேண்டும் என்பதாகும். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் தகவல் பெறுவதை அவர்தம் உரிமை என்கிறது.

ஒருங்குறிக்கு முன் எழுதியோர்க்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது. எழுத்தாகத் தட்டச்சிட்டிருந்தால் போதும். அழகுக்காகப் படமாக்கிப் பழைய சுவரை மீண்டும் எழுப்பினேன். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் செயலிகள் இன்று உள்ளன என்றாலும், அலங்கார எழுத்தில் அவை தடுமாறுகின்றன.

அன்று தொலைபேசியிலேயே அறிவிப்பை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பின்னர்ப் படத்தின் கீழே முழுச் செய்தியையும் ஒருங்குறியில் தட்டச்சிட்டேன். ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. சக ஆசிரியர்களே, அடுத்த அறிவிப்பில் அந்த ஐந்து நிமிடங்களை நீங்களும் தாருங்கள்.