முறைப்பாட்டுக்கு யார் செலவு செய்வது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. உள்ளே எத்தனை பேர் சிக்கினார்கள் என்ற கணக்கு முதல் நாட்களில் நூறு என்றும் இருநூறு என்றும் மாறிக்கொண்டே இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். ஆனால் மாற்றுக் காணி கைக்கு வரவில்லை. அதைக் கேட்டுத் தொடர்ந்து எழுதி, பதிலை வாங்கி, பதில் வராவிட்டால் மேலே கொண்டுபோகும் வழியும் லயத்துக் குடும்பங்களிடம் இருக்கவில்லை. மண்சரிவு இனவெறுப்புக் குற்றமல்ல. என்றாலும், பதுளை மாவட்டத் தோட்டங்களில் இனவெறுப்பு வன்முறை ஏன் பெரும்பாலும் ஏட்டில் ஏறாமலே போனது என்று தேடினால், இதே குறைதான் அங்கும் நிற்கிறது. தங்களை வெறுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அந்த மக்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதல்ல. முறைப்பாடு என்ற வேலை என்றைக்கும் இன்னொருவர் கையில் இருந்தது. அதை மக்கள் கைக்கு மாற்ற நிலையான பணத்தை எவரும் ஒதுக்கவில்லை.

ஆரம்பத்தில் அந்த வேலை கங்காணியுடையது. தோட்டத் துரையிடம் பேசுபவரும் அவரே, கடன் கணக்கை வைத்திருந்தவரும் அவரே. கங்காணியைப் பற்றியே குறை சொல்ல வேண்டியிருந்தால் வாசல் இல்லை. இதை முதலில் உடைத்தவர்கள் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும். தொழிலாளர் உரிமைகளைத் துண்டுப்பிரசுரங்களாகவும் சிறுநூல்களாகவும் நடேசய்யர் எழுதினார்; வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மீனாட்சி அம்மாள் அதையே பாட்டாக்கிப் பாடினார். சமூகக் கல்வி என்று இன்று திட்ட அறிக்கைகள் சொல்வதை மலையகம் 1930களிலேயே கண்டுவிட்டது. 1940இல் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்களுக்கென ஒரு தொழிலாளர் சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். துரை அந்தச் சபையைக் கலந்து நடக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுகளில் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவன் பொலிஸ் நிலையத்தில் எந்தத் தைரியத்தில் நிற்பான்? முறைப்பாடு தொழிற்சங்கத் தலைவரிடம் போய்ச் சேர்ந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்ட சந்தா அதற்கான கட்டணம். சங்கங்கள் செய்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் சந்தா கட்டியவருக்குத் தன் முறைப்பாட்டைத் தானே எழுதக் கற்றுக்கொடுப்பது அவற்றின் வேலைத்திட்டத்தில் முன்னுக்கு வரவில்லை. தலைவரின் செல்வாக்கு அந்த இடைவெளியில்தான் இருந்தது.

அந்த இடைவெளியின் விலை என்ன என்பது கலவர ஆண்டுகளில் தெரிந்தது. 1977 வன்முறை பற்றி சன்சோனி ஆணைக்குழு விசாரித்து, 1980இல் அறிக்கை வந்தது. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரம் தாக்கப்பட்டது. அன்று இரவுக்குள் ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை என்று தீ பரவியது. அதை விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில் ஆணைக்குழு அமைந்தது 2001இல், பதினெட்டு ஆண்டுகள் கழித்து. அதற்குள் சாட்சிகளில் பலர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார்கள், அல்லது வன்னிக்குப் போயிருந்தார்கள், அல்லது இறந்திருந்தார்கள். சம்பவம் நடந்த வாரத்தில் எழுதப்படாத வாக்குமூலத்தை எந்த ஆணைக்குழுவாலும் பின்னால் உண்டாக்க முடியாது.

பொலிஸாரே பார்த்துக்கொண்டு நின்றால் முறைப்பாடு எதற்கு என்பார்கள். இந்த ஆட்சேபத்துக்கு வலுவான சான்று பதுளை அடங்கிய ஊவா மாகாணத்திலேயே உண்டு. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமைக் கும்பல் தாக்கி, 27 தமிழ் இளைஞர்களைக் கொன்றபோது, ஏறக்குறைய அறுபது பொலிஸார் அங்கே இருந்தார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு தண்டனை அனுபவிக்க ஒருவரும் மிஞ்சவில்லை. இதிலிருந்து முறைப்பாடு வீண் என்ற முடிவுக்கு வருவது எளிது, நான் வரவில்லை. தாக்குதலுக்கு முன்பே அப்பகுதியில் முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சுவரொட்டி ஒட்டப்பட்ட அன்றே, சிங்களத்திலும் தமிழிலும், பொலிஸுக்கு வெளியேயும் அதைப் பதிவுசெய்யும் ஒரு வழி அந்த ஊருக்குப் பழகியிருந்தால், பின்னால் ‘எதிர்பாராதது’ என்று சொல்வது அதிகாரிகளுக்குக் கடினமாகியிருக்கும். முறைப்பாடு செய்யக் கற்பிக்கும் இத்தகைய கல்வி சிங்களக் கிராமங்களை விட்டுவிடக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். தோட்டத்தில் மட்டும் நடத்தினால், உறவைக் கெடுக்க வந்தவர்கள் என்ற பழி வரும்; அந்தப் பழியில் கொஞ்சம் நியாயமும் இருக்கும்.

சட்டம் இல்லை என்ற பேச்சும் நிற்காது. இனவெறுப்பைத் தூண்டுவதை 2007இன் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் குற்றமாக்குகிறது. 2019இல் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார கைதானது பிக்குகளின் முறைப்பாட்டின் பேரில், அதே சட்டத்தின் கீழ். முறைப்பாடு செய்யத் தெரிந்தவர்கள் கைக்குச் சட்டம் எப்படிப் போகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உச்ச நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணைக் காலம் அந்தக் கணக்கில் சேராது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு விதி தெரிந்திருப்பது, நட்சத்திர விடுதியில் நடக்கும் பத்துப் பயிற்சிப் பட்டறைகளுக்குச் சமம்.

பணம் எங்கிருந்து என்று கேட்பவர்கள் தோட்டப் பாடசாலைகளைப் பார்க்கலாம். 1970களின் பிற்பகுதியில் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் சீடா நிதி வந்து கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை அப்படித்தான் உருவானது. அது மூன்று மாதத் திட்டமல்ல, ஆண்டுக்கணக்கான செலவு. முறைப்பாட்டுக் கல்விக்கும் அதே அளவு பொறுமை வேண்டும்: மாகாண சபை வரவு செலவுத் திட்டத்தில் ஒரு நிரந்தரத் தலைப்பு, சங்கச் சந்தாவில் ஒரு பங்கு, ஹல்துமுல்லை, பசறை போன்ற இடங்களில் தமிழிலும் சிங்களத்திலும் முறைப்பாடு எழுதக் கற்றுக்கொடுக்கவும் எழுதிக்கொடுக்கவும் சம்பளம் பெறும் உள்ளூர் இளைஞர்கள். வெளிநாட்டு நிதி வந்தால் நல்லது. அது போன பிறகும் அந்த இளைஞர்களின் முறைப்பாட்டு மேசை அங்கே இருக்க வேண்டும். சந்தா கட்டும் தொழிலாளர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கணக்கு இதுதான்.