டவர் மண்டபமும் கூத்துக் களரியும்

நாடகம் எழுதினோரையும் நடித்தோரையும் நினைவு கூரும் நூல்கள், அஃது ஆடப்பெற்ற இடத்தை எளிதில் மறந்துவிடுகின்றன. ஆயினும், ஆடுமிடம் மாறும்போது ஆடற்கலையும் மாறும் என்பதற்குக் கொழும்பு மருதானையிலுள்ள டவர் மண்டபத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சிங்கள மக்களிடையே ‘நாடகம’ என்னும் கூத்துவகை செல்வாக்குற்றிருந்தது. தமிழ்க் கூத்தினின்று தோன்றிய இக்கலை, தன் பெயரையும், மத்தளத்தையும், பாடல்வகை சிலவற்றையும் தமிழிலிருந்தே பெற்றது. தமிழர் களரி என வழங்கும் ஆடுகளத்தைச் சிங்களவர் ‘கரலிய’ என வழங்கினர். எகலப்பொலவின் கதையை நாடகமாக்கிய பிலிப்பு சிங்கோ இத்துறையிற் பெயர் பெற்றவர்.

1870களின் பிற்பகுதி முதலாகப் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கொழும்புக்கு வந்தன. அவை காட்டிய வண்ணத் திரைகளும் இந்துஸ்தானி இசையும் நகர மக்களின் மனத்தைக் கவர்ந்தன. சீ. டொன் பஸ்தியானும் ஜோன் த சில்வாவும் (1857–1922) அம்முறையைத் தழுவி ‘நூர்த்தி’ என்னும் புதுநாடகத்தை வளர்த்தனர். ஜோன் த சில்வாவின் ‘சிறீசங்கபோ’ (1903) நாடகத்திற்கு இந்திய இசைவாணர் விசுவநாத் லௌஜி இசையமைத்தார். கண்டியின் இறுதி மன்னனைப் பற்றிய அவரது நாடகம் 1906ஆம் ஆண்டில் அரங்கேறியது.

இத்தகைய நாடகங்களுக்கு நிலையான அரங்கொன்றினை ஜீ. டீ. ஹென்றிக் அப்புகாமி என்பவர் அமைத்தார். அதுவே டவர் மண்டபம். 1911 டிசம்பர் 6ஆம் நாள், சார்ள்ஸ் டயசின் ‘பண்டுகாபய’ நாடகத்துடன் அது திறந்துவைக்கப்பெற்றது. ஊர்வெளியிற் களரியைச் சூழ்ந்திருந்து கூத்துக் கண்ட மக்கள், இங்கே சீட்டுப் பெற்று, திரைச்சீலைக்கு எதிரே வரிசையாக அமர்ந்தனர். நூர்த்தி தழைக்க, நகரத்தில் நாடகம தளர்ந்தது.

பின்னர் நூர்த்திக்கும் அக்கதியே நேர்ந்தது. திரைப்படம் பரவியபோது டவர் மண்டபமும் படங்காட்டும் கொட்டகையாயிற்று. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’வும் மேடை நாடகமொன்றின் திரைவடிவமே, அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெடுங்காலத்தின் பின், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் டவர் மண்டப அரங்க மன்றம் நிறுவப்பெற்றது. மண்டபமும் மீண்டும் நாடகத்திற்கு உரியதாயிற்று.

கைவிடப்பட்ட களரி மறுவாழ்வு பெற்றதிற் கண்டிச் சூழலுக்குப் பெரும் பங்குண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர, நாடகம மரபினின்று ‘மனமே’ (1956), ‘சிங்கபாகு’ (1961) ஆகியவற்றைப் படைத்தார். அங்குள்ள திறந்தவெளி அரங்கு இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. அதே பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி, ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். விடியுமளவும் ஆடப்பெற்ற கூத்து, அதன் ஆடலும் பாடலும் குன்றாமற் சில நாழிகைக்குள் அடங்கியது. ஒரே மூலத்தினின்று பிரிந்த இரு மரபுகள் ஒரே வளாகத்தில் மீண்டும் தழைத்தமை குறிப்பிடத்தக்கது.

மலையகத் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடப்பெறுவது திறந்தவெளியிலேயாகும். அதற்கு மண்டபமுமில்லை, கோபுரமுமில்லை. கட்டடத்தைச் சட்டத்தாற் காக்கலாம். களரியையோ ஆடுவோரும் அதனைக் கற்கும் இளைஞருமே காத்தல் வேண்டும்.