மடை வைத்த மடல்

“உன் கடுதாசி தெனமும் சரியா ஆறரைக்கு வந்துருதே. வெள்ளனே எந்திரிக்கப் பழகிட்டியால?”

ஏரலிலிருந்து பெரியப்பா போனில் கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் எழுதுவதையெல்லாம் அவருக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். எழுதுவது இரவு பதினொரு மணிக்கு என்றும், காலை 6.30க்குப் போகும்படி நேரம் குறித்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிறேன் என்றும் சொன்னேன். சற்று யோசித்தார்.

“அப்பம் மடை வச்சுல்லா அனுப்புத.”

ஆற்றங்கரைக்காரர் வாயிலிருந்து வந்த பெயர் அது. தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழைத் தாண்டி, எட்டாவதாக ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, அதன் பிறகுதான் தண்ணீர் ஏரலுக்கு வரும். ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. அணை என்றால் ஆற்றை மறிப்பது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கடைமடையில் இருக்கிறவர்களுக்கு அது தண்ணீரை வேளைக்கு அனுப்பும் ஏற்பாடு. கார் பருவ நடவுக்கு ஜூனில் வேண்டிய தண்ணீர் ஏப்ரலில் வந்தால் புன்னைக்காயல் கடலுக்குத்தான் போகும். பிசானப் பருவத்துக் கதிர் பால்பிடிக்கும்போது வர வேண்டியது அறுப்பு நேரத்தில் வந்தால் விளைந்த பயிர் சாயும். தண்ணீர் அதே தண்ணீர்தான். வேளைதான் அதை வரமாகவோ சேதமாகவோ ஆக்குகிறது.

கடிதத்துக்கும் அப்படித்தான். அதற்கு மடை வைக்க மட்டும் நெடுங்காலம் ஆயிற்று.

தபால் காலத்தில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. சென்னையில் பெட்டியில் போட்ட கடிதம் ரயிலேறி, திருநெல்வேலியில் பிரிந்து, ஏரல் அஞ்சலகத்தில் முத்திரை வாங்கித் தபால்காரர் கையில் வரும்போது நல்ல பகலாக இருக்கும். எழுதியவர் நள்ளிரவில் கோபத்தோடு எழுதியிருந்தாலும், படிப்பவர் வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து படித்தார். அந்த இடைவெளியை யாரும் திட்டமிட்டுத் தரவில்லை, தூரம் தந்தது. தந்தி ஒன்றுதான் அதை மீறியது. அதனால்தான் அகாலத்தில் ‘தந்தி’ என்ற குரல் கேட்டால் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை தொடங்கியது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தது. அதற்குள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இரவு பகல் பாராமல் குரல் கொடுக்கும் ஒரு தந்தி வந்து உட்கார்ந்திருந்தது.

1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மடல் அனுப்பினார். பெயரையும் இடத்தையும் பிரிக்க அவர் தேர்ந்தெடுத்த குறியைத்தான் இன்றும் எல்லா முகவரியிலும் போடுகிறோம். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறை மடல் போக்குவரத்துக்குப் பொது விதியாயிற்று. எதிர்முனைக் கணினி எழுந்திருக்கவில்லை என்றால் மடலை எறிந்துவிடக் கூடாது; வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயல வேண்டும். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்று 1989இல் வந்த வழிகாட்டல் சொன்னது. ஆக, காத்திருக்கும் குணம் மின்னஞ்சலுக்குப் பிறவியிலேயே இருந்தது. வழி அடைபட்டால் அது காத்தது. படிக்கப் போகிறவர் தூங்குகிறாரே என்று காக்க அதற்குத் தெரியவில்லை.

கணினிக்கு நேரம் சொல்லி வேலை வைக்கும் கலை தனியே வளர்ந்துகொண்டிருந்தது. பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், 1979இல், ‘அட்’ என்ற சிறிய கட்டளை வந்தது. இன்ன மணிக்கு இன்ன வேலையைச் செய் என்று எழுதி வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். அந்த வேலை ஒரு மடலை அனுப்புவதாகவும் இருக்கலாம். பிற்காலப் பதிப்புகளில் மணிக்குப் பதிலாக ‘டீடைம்’ என்று எழுதினாலும் கட்டளை புரிந்துகொள்ளும். மாலை 4 மணி என்று எடுத்துக்கொள்ளும். ஏரல் கடைத்தெருவில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத நேரக்கணக்கு அது. ஆனால் கணினி அறையில் கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் கதவு திறந்திருந்தது.

1984இல் உலகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூடி வகுத்த எக்ஸ்.400 என்ற மடல் முறையில், குறித்த நேரத்துக்கு முன் சேர்க்காதே என்னும் வசதி முறைப்படி இடம்பெற்றது. அப்படிப் பிடித்து வைத்ததை ரத்து செய்யவும் வழி இருந்தது. எக்ஸ்.400 கனத்த முறை; எளிய எஸ்எம்டிபி அதை முந்திவிட்டது. முந்தியதில் இந்த வசதி பின்தங்கிப் போயிற்று. 2007 மே மாதம்தான் எஸ்எம்டிபிக்கும் ஒரு சேர்க்கை எழுதப்பட்டது. மடலைக் கொடுக்கும்போதே இத்தனை நொடி பிடித்து வை என்றோ, இன்ன தேதி இன்ன நேரம் வரை பிடித்து வை என்றோ சொல்லலாம். வயலுக்கு முறைத் தண்ணீர் விடும்போது, இத்தனை நேரம் என்றும் இன்ன பொழுது வரை என்றும் இரண்டு விதமாகவும் பேசிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம்.

விதி எழுதியாயிற்று, வழக்கத்துக்கு மட்டும் வரவில்லை. பிடித்து வைக்கும் மடல் எங்கே இருப்பது என்பதுதான் சிக்கல். அவுட்லுக் போன்ற மென்பொருள்களில் தாமதித்து அனுப்பும் வசதி முன்பே இருந்தது. பெரிய அலுவலகங்களின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் அது ஒழுங்காக நடக்கும். வீட்டுக் கணக்கு என்றால் மடல் உங்கள் கணினியின் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். குறித்த நேரத்தில் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இணைப்பும் இருக்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த பிறகு வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். டெலிபோன் பில்லுக்குப் பயந்து, இணைப்பைத் துண்டித்துவிட்டு மடல் எழுதி, பிறகு இணைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்புவோம். அப்போது மடல் காத்திருந்தது காசுக்காக. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில், மேசைக் கணினியை நம்பி நாளைக் காலைக்கு மடல் வைக்க யாருக்குத் துணிவு வரும்?

மடல்கள் இணையத்துக்கே குடிபெயர்ந்ததும் சிக்கல் தீர்ந்தது. எழுதுவதும் வைப்பதும் அனுப்புவதும் எங்கோ அணையாமல் ஓடும் சர்வரில் என்றாகிவிட்டால், நம் வீட்டில் விளக்கு எரிகிறதா என்பது பொருட்டில்லை. மடை அணையில் இருக்க வேண்டும், வரப்பில் அல்ல. 2010இல் பேடின் என்ற சிறு அமெரிக்க நிறுவனம் ஜிமெயிலோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு துணைக் கருவியை வெளியிட்டது. பிற்பாடு அனுப்புவதோடு, பதில் வராத மடலை நினைவூட்டலாக நம்மிடமே திருப்பிக் கொண்டுவரவும் அதற்குத் தெரியும். அதனால் பூமராங் என்று பெயர் வைத்தார்கள். நம் சிவகங்கைச் சீமையின் வளரிக்கு உறவான ஆயுதத்தின் பெயர். சாதாரண மனிதர் பொத்தானைத் தொட்டு மடலுக்கு நேரம் குறிக்கும் வழக்கம் பரவ அது பெரிதும் உதவியது.

அதே ஆண்டுகளில் கைப்பேசி மடலைத் தலையணைக்கு அருகில் கொண்டுவந்துவிட்டிருந்தது. மேலதிகாரி இரவு பத்துக்கு மனத்தில் தோன்றியதை எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். கீழே இருப்பவர் எழுந்து உட்காருவார். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011இல் ஒரு பகுதி ஊழியர்களுக்கு, வேலை முடிந்து அரை மணியில் மடல் போக்குவரத்தை நிறுத்தி, மறுநாள் வேலைக்கு அரை மணி முன்பு திறக்கச் சம்மதித்தது. பிரான்சில் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரி 1 முதல் சட்டமாயிற்று. இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே 2018ஆம் ஆண்டுக்கான தனிநபர் மசோதாவாக அதே உரிமையை மக்களவையில் வைத்தார், அது சட்டமாகவில்லை. நான் இந்த உரிமையின் பக்கம்தான் நிற்கிறேன். ஒருவருடைய இரவு அவருக்கே சொந்தம்.

2004 ஏப்ரல் 1இல் பிறந்த ஜிமெயில், தன் பதினைந்தாம் பிறந்தநாளான 2019 ஏப்ரல் 1 அன்று இந்த வசதியைத் தானே தந்தது. பிறருடைய ஓய்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை அப்போது ஒரு காரணமாகவே சொன்னார்கள். கணினியில் ‘அனுப்பு’ பொத்தானின் ஓரத்துச் சிறு அம்புக்குறி. கைப்பேசியில் மேலே உள்ள மூன்று புள்ளி. தொட்டால் நாளும் நேரமும் கேட்கும். ஒரே சமயத்தில் நூறு மடல்கள் வரை காத்திருக்கலாம். மனம் மாறினால் ரத்து செய்யலாம். மடல் வரைவாகத் திரும்பிவிடும். குறித்த வேளையில் நம் போன் அணைந்திருந்தாலும் மடல் போய்விடும். பெறுபவருக்குத் தெரிவது போன நேரம்தான், எழுதிய நேரமல்ல. பெரியப்பா ஏமாந்தது அதனால்தான். 2022இல் ஆப்பிளும் தன் ஐபோன் மடல் செயலியில் இதைச் சேர்த்தது.

எங்கள் ஆற்றுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மடல் சேவையிலும் நேரம் குறித்து அனுப்பலாம். அந்த நிறுவனம் 2011 முதல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்துகிறது. பக்கத்துக் குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, ஏரலைத் தொடும்.

ஏரல் பிள்ளைகள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். இங்கே காலை பத்து என்றால் கோடையில் கலிஃபோர்னியாவில் முந்தின இரவு ஒன்பதரை. இங்கே இரவு பத்து என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. ஆடி அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வருகிறீர்களா என்று கேட்டு எழுதுகிறவர்கள் அந்த ஊர்க் காலை ஏழுக்குப் போகும்படி வைக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜிமெயில் நேரத்தை நாம் குறிக்கும் இடத்துக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும். அவர்களுடைய காலை நம் கடிகாரத்தில் எத்தனை மணி என்று நாமே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் அரை நிமிடம் அவரை நினைக்கும் அரை நிமிடம்.

எல்லா மடலுக்கும் மடை கூடாது. ஆபத்தைச் சொல்லும் சேதி அந்த நொடியே போக வேண்டும். அதை நாங்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் படித்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி ஏரல் கடைத்தெருவுக்குள் ஆளுயரத்துக்கு ஏறியது. பாலத்துப் பாதை அறுந்தது, கரண்ட் போனது, டவர்கள் அணைந்தன. வெளியூரில் இருந்த நாங்கள் அனுப்பிய சேதிகள் ஒற்றை டிக்கோடு நின்றன. பிறகு ஒருநாள் எல்லாம் சேர்ந்து கரையுடைத்துக்கொண்டு வந்தன. ஒருவரிடமிருந்து ‘தண்ணி வடிஞ்சிட்டு’. அதற்கடுத்து இன்னொருவரிடமிருந்து, முன்பே அனுப்பிக் கிடந்த ‘வீட்டுக்குள்ள தண்ணி வருது’. எது நேற்று, எது இன்று என்று தெரியாமல் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தோம்.

பெரியப்பா அந்த இரண்டு இரவும் மொட்டை மாடியில் இருந்தார், சார்ஜ் இல்லாத போனைக் கையில் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவர் இரவில் போனை அணைப்பதே இல்லை, சத்தத்தையும் குறைப்பதில்லை. தலைமாட்டில் முழுச் சார்ஜோடு வைத்துக்கொண்டு படுக்கிறார். பதினொரு மணிக்கு அது ஒருமுறை ஒலித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஜன்னலைத் திறந்து தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரையைப் பார்ப்பார். காலையில் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு அவர் வீடு திரும்பும்போது மணி ஆறரை.