வார்டிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு: தமிழ் நிலத்தில் மருத்துவக் கற்பித்தல் முறைகளின் நகர்வு

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று இம்மாவட்டத்துச் சிறுவங்கூரில் அமைந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, உளுந்தூர்பேட்டைச் சாலையில், கோட்டைக் குன்றின் அடியில் தியாகதுருகம். மேற்கே மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை. இந்த நிலத்தில் மருத்துவம் பயில்பவர் எங்கே நின்று கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கற்பித்தல் முறை என்றதும் விரிவுரை, குழு விவாதம், திரைப்படக் காட்சி என்று உத்திகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறோம். வரலாற்றைப் பார்த்தால் உத்தியைவிட இடமே கூடுதலாகத் தீர்மானித்திருக்கிறது. இடத்துக்கு அடுத்தபடி தேர்வு.

1835 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, அரசுப் பணிக்கு வேண்டிய துணை மருத்துவர்களை உருவாக்கப் பிறந்தது. 1850இல் கல்லூரியாயிற்று. 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலத்தில் விரிவுரை, உடற்கூறு அறுவை, பிறகு வார்டு என்ற வரிசை அங்கே நிலைபெற்றது. இன்றும் அது பெரிதாகக் கலைந்துவிடவில்லை.

இதற்கு மாற்றான முதல் பெரிய முயற்சி கடலுக்கு அப்பால் நடந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் கற்பித்தார். மாணவர் தொகை சிறியது; பாடமும் மருந்தகப் பணியும் சேர்ந்தே நடந்தன. நோயாளியைப் பார்க்கும்போது உடன் நின்று, கைகொடுத்து, பின்னர் தாமே செய்து கற்றார்கள். ஆனால் ஆங்கிலத்தில் பயின்று வெளியேறியவர்கள் சம்பளப் பணி தேடி வெளியூர் போவதைக் கிறீன் கண்டார். ஊரில் தங்கும் மருத்துவர் வேண்டுமானால் ஊர் மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1860களில் தமிழ் வழிக்கு மாறினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோரில் 33 பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள். அவர்களுக்காக ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ போன்ற பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கிறீனை மொழிபெயர்ப்பாளராகவே நாம் போற்றி வந்திருக்கிறோம். படித்தவர் எங்கே போய் வேலை செய்வார் என்பதை முன்வைத்துப் பாடத்தைத் திட்டமிட்ட ஆசிரியராக அவரைப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

வேலூரில் மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் இடத்தையே நகர்த்தினார். குடியாத்தம் சாலையோர மரத்தடிகளில் அவர் நடத்திய வாராந்தர மருத்துவம், 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்கள் மருத்துவப் பள்ளியும் வந்தபின் பயிற்சிக் களமுமாயிற்று. அந்த மரபில்தான் வேலூர்க் கல்லூரி 1977இல் கே.வி. குப்பத்தில் கிராமிய நலப் பிரிவைத் தொடங்கியது. முதலாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைக்கும் பழக்கமும் அக்கல்லூரியில் வேரூன்றியது.

இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த போர் (Bhore) குழு, 1946 அறிக்கையில் தடுப்பு மருத்துவத்திலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. சமூகத்தை அறிந்த மருத்துவர் அதன் கனவு. அதே அறிக்கை குறுகிய கால எல்.எம்.பி. படிப்பை மூடச் சொன்னது. உறுப்பினர் சிலர் அதை எதிர்த்துக் குறிப்பெழுதினர். கிராமத்துக்கு மருத்துவர் கிடைக்காத பின்னாளைய நிலையை நோக்கினால், அந்த எதிர்ப்புக் குறிப்புக்கு இன்னும் கவனம் கிடைத்திருக்கலாம்.

1970களின் நடுவில் உலக நலவாழ்வு அமைப்பின் துணையோடு புதுச்சேரி ஜிப்மரில் ஆசிரியர் பயிற்சி மையம் உருவானபோது, ஆசிரியருக்கும் கற்பிக்கக் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணம் இப்பகுதிக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் முன்வைத்த ஆஸ்கி தேர்வு முறையும் இத்தகைய பயிலரங்குகள் வழியாகவே பரவியது. அதில் மாணவர் ஒவ்வொரு மேசையாகச் சென்று குறித்த திறனைச் செய்து காட்டுவார். தேர்வாளரின் விருப்புவெறுப்புக்கு இடம் குறைவு. அடுத்து வந்த மாற்றங்கள் பெரும்பாலும் விதிகளில் நிகழ்ந்தன. விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிகளே சொல்லிவிட்டன. 2019இல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டம் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது! கவனித்து, பிறகு தாமே செய்து திறனைப் பெறுவது என்று இத்திட்டம் வற்புறுத்தும் வழி மானிப்பாய் மருந்தகத்துக்குப் புதியது அல்ல.

2022இல் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலாண்டு மாணவரே கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்று, படிப்புக் காலத்தில் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். இது எவ்வளவு அவசியம் என்பதைக் கள்ளக்குறிச்சி 2024 ஜூனில் கண்டது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். எத்தனால் அல்லது ஃபோமெபிசோல், பைகார்பனேட், டயாலிசிஸ் தேவைப்படும். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. குடித்துப் பல மணி நேரம் வரை நோயாளி சாதாரணமாகத் தெரியலாம், பிறகு வயிற்றுவலி, வாந்தி என்று மட்டும் சொல்லலாம் என்பதும் இருக்கிறது. காவல்துறைக்கு அஞ்சும் குடும்பத்திடம், குடித்தாரா, எங்கே, எப்போது என்று கேட்டு உண்மையை வாங்கும் முறை புத்தகத்தில் இல்லை. ஏற்கெனவே அந்தத் தெருவில் உட்கார்ந்து பேசிப் பழகியவருக்கே அது வரும்.

அப்படிப் பழகியவர் ஒருவர் மாவட்டத்தின் கிராமப் பகுதிகளில் ஏற்கெனவே இருக்கிறார்: கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி தவறியது என்பது அவர் பதிவேட்டிலும் நினைவிலும் இருக்கும். மலைக் கிராமத்துக்குள் மாணவர் நுழைய வழி திறப்பவரும் அவரே. பாடத்திட்டத்தில் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. மருத்துவ மாணவரும் செவிலியர் மாணவரும் ஒரே வீட்டுக்குச் சேர்ந்து போய்க் கற்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வார்டில் அமையாது.

தேர்வுதான் தடை. முதுநிலைச் சேர்க்கைக்கான நீட் 200 பலவுள்தெரிவு வினாக்களைக் கேட்கிறது. மாணவர் அதற்கே நேரம் ஒதுக்குகிறார். வீட்டுச் சந்திப்பு லாக் புக்கில் கையெழுத்தாக முடிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. சமூக மருத்துவச் செய்முறைத் தேர்வில் நோயாளியின் குடும்பச் சூழலையும் விசாரிக்கச் சொல்லும் ‘கிளினிகோ-சோஷியல் கேஸ்’ நீண்ட காலமாக உண்டு. அதற்கும் பல இடங்களில் நோயாளியை மருத்துவமனைக்கே அழைத்துவந்து உட்காரவைத்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வைத் தியாகதுருகத்திலோ கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ ஒரு வீட்டில், செவிலியரும் மதிப்பிடுபவராக உடனிருக்க நடத்தலாம். ஒரு வேனும் அரைநாளும் ஒதுக்கினால் அடுத்த தேர்வுப் பருவத்திலேயே தொடங்கலாம்.