புரசைவாக்கத்து வில்லியம் ராபர்ட்ஸ்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் துரை பங்களாக்களில் அப்புவாகப் பணிபுரிந்தோரைப் பற்றி நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். துரையின் மேசைமேல் கிடக்கும் புத்தகத்தைத் தூசு தட்டி வைப்பது அப்புவின் வேலை. அவர் அதைப் படித்து, அதிலுள்ள சமயக் கொள்கை சரியா, பிழையா என்று தீர்ப்புச் செய்வார் என எந்தத் துரையும் எண்ணியிருக்கமாட்டார். நம் மலைகளில் கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் எழுமுன்னரே, வெள்ளையரிடம் ஊழியம் செய்த ஒரு சென்னைத் தமிழர் அதைச் செய்தார்.

இயற்பெயர் திருவேங்கடம். இங்கிலாந்துத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். 1793ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் இருந்தபோது, ஜோசப் பிரீஸ்ட்லி, தியோபிலஸ் லிண்ட்சி ஆகியோரின் எழுத்துகள் அவர் கைக்கு எட்டின. கடவுள் ஒருவரே, திரித்துவம் வேதத்திற்கு ஒவ்வாதது என்பது அவர்கள் கொள்கை, யூனிட்டேரியன் என்பர். பிராணவாயுவைப் பற்றிப் படித்த மாணவர் பிரீஸ்ட்லியின் பெயரை அறிவர். அதே பிரீஸ்ட்லியின் வீட்டை 1791இல் பர்மிங்காமில் கலகக் கும்பல் கொளுத்தியது. திரித்துவத்தை மறுப்பது அந்நாளில் இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம். ஆண்டவர்களின் நாட்டிலேயே ஆபத்தான கொள்கையை ஓர் ஊழியர் தம் நெஞ்சில் ஏற்றார்!

1795இல் சென்னையில் தம்மையொத்த சிலரைக் கூட்டிச் சபையமைத்தார். எந்த மிஷனும் அவரை அனுப்பவில்லை. சமயக் கல்லூரி எதிலும் அவர் பயின்றவரல்லர். எனினும் தாமே போதகரானார், ஆசிரியரானார். தம் கொள்கையைத் தமிழிலே எழுதினார், தமிழிலே வழிபாடு நடத்தினார். 1813இல் புரசைவாக்கத்தில் சிறு ஆலயம் எழுந்தது. விந்தை என்னவெனில், அதே ஆண்டிற்றான் இங்கிலாந்துப் பாராளுமன்றம் திரித்துவ மறுப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. இலண்டன் யூனிட்டேரியர் இப்படியொரு சபை இருப்பதைப் பின்னரே அறிந்து உதவினர்.

ராபர்ட்ஸ் 1838இல் மறைந்தார். கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழ்நாட்டிலிருந்து கூட்டங்கூட்டமாக மக்கள் கண்டிச் சீமைக்கு நடந்துவந்த காலம் அது. அவர்களுக்கென 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலி உபதேசியார்கள் லயங்களில் போதித்தனர். செலவுக்குத் துரைமார் நன்கொடை வந்தது. போதனையும் துரைமார் ஏற்ற போதனையாகவே இருந்தது. புரசைவாக்கத்திலோ, தந்தைக்குப்பின் மகன், அவரும் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயருடையவரே, சபையை நடத்திவந்தார்.